429 கோடியைப் பிளந்த 641

2இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று வைத்து, வரும் விடையோடு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள்: 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுவதும் இப்படியே போகும் என்று 1640இல் பிரான்சின் ஃபெர்மா நம்பினார். அடுத்த அடுக்கு 32; எண் 4,29,49,67,297.

1732இல் கணிதவியலாளர் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 67,00,417.

எப்படி? வரிசையாக வகுத்துப் பார்ப்பதென்றால் 65,536 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. ஆனால் இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்பது ஆய்லர் நிறுவிய விதி. அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை!

641 ஏன் வகுக்கிறது என்பது இன்னும் அழகு. அந்த எண்ணுக்கு இரண்டு முகங்கள்: 5 × 128 + 1 என்றும் எழுதலாம், 625 + 16 என்றும் எழுதலாம். முதல் முகத்தின்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாம் முகத்தின்படி 5⁴, அதாவது 625, −2⁴க்குச் சமம். அதை முன்னதில் வைத்தால் −2³² என்பது 1. ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. அந்தப் பெரிய எண்ணை ஒரு முறைகூட வகுக்காமலே முடிந்துவிட்டது, பாருங்கள்.

65,537க்குப் பிறகு இந்த வரிசையில் வேறொரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை.