அரண்மனைகள் சாய்ந்தன... அரசமரம் நிற்கிறது!

வெள்ளை உடை, கையில் தாமரை மொட்டு, வெறுங்கால். பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் குடும்பமாக மணலில் நடக்கிறார்கள். எல்லோரும் போவது ஒரு மரத்தைப் பார்க்க!

கொழும்பிலிருந்து சுமார் 200 கி.மீ. வடக்கே இருக்கும் அனுராதபுரம், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் இலங்கையின் தலைநகராக இருந்த ஊர். அசோகரின் மகள் சங்கமித்தை, புத்தர் ஞானம் பெற்ற போதி மரத்தின் கிளையை இங்கே கொண்டுவந்தார் என்கிறது மகாவம்சம். கி.மு. 3-ம் நூற்றாண்டில் நட்ட அந்த மரம்தான் ஜெய ஸ்ரீ மகா போதி. வயதான கிளைகளைப் பொன் நிற முட்டுகள் தாங்கி நிற்கின்றன.

சற்றுத் தள்ளி, செங்கல் மலைபோல் எழுகிறது ஜேதவனராமய தாதுகோபுரம். மகாசேன மன்னன் தொடங்கியது. ஒருகாலத்தில் 120 மீட்டர் உயரம். செங்கற்கள் மட்டும் 9 கோடிக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். இன்று சுமார் 70 மீட்டர்தான் மிச்சம்.

10-ம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் படை வந்தது. தலைநகரம் பொலன்னறுவைக்கு மாறியது. அரண்மனைகள் சாய, குளங்கள் தூர்ந்துபோக, நகரத்தைக் காடு மூடியது. ஆனால் மரத்தை மட்டும் பிக்குகள் கைவிடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள்.

நமக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. சோழ நாட்டிலிருந்து வந்து இங்கே 44 ஆண்டுகள் ஆண்டவர் எல்லாளன். ஆராய்ச்சி மணி, தேரில் அடிபட்ட கன்று, மகனுக்கே தண்டனை... நாம் மனுநீதிச் சோழன் கதையாகக் கேட்டதை மகாவம்சம் இவர் மீது சொல்கிறது. போரில் இவரை வென்ற துட்டகைமுனு, உரிய மரியாதையோடு தகனம் செய்து நினைவிடம் எழுப்பினார். அதைக் கடப்பவர்கள் மேளதாளத்தை நிறுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டார். எதிரிக்கும் மரியாதை!

போகிறவர்களுக்கு:

* தோளும் முழங்காலும் மறையும் வெளிர் நிற உடை நல்லது.

* புனித இடங்களில் செருப்பும் தொப்பியும் கூடாது. மதியம் கல் தரை கொதிக்கும், காலையிலேயே கிளம்புங்கள்.

* புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள்.

* இடிபாடுகள் பல கி.மீ. பரந்து கிடக்கின்றன. சைக்கிளோ ஆட்டோவோ வசதி.

கோடிக்கணக்கான செங்கற்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தினமும் யாரோ தண்ணீர் ஊற்றிய மரம், இன்னும் துளிர்க்கிறது.