முதலில் கொட்டாம்பட்டியில்

வல்லத்திராக்கோட்டையோ ஆலங்குடியோ, எந்த ஊர் அங்கன்வாடியிலும் குழந்தையை எடை போட்டு எழுதி வைப்பார்கள். அந்த எடையை மட்டும் நம்பி, எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உணவு, எதற்கு வேண்டாம் என்று முடிவெடுக்க முடியுமா? 1980-இல் தமிழக அரசுக்கு இந்தக் கேள்வி இருந்தது. விடை தேட முழு மாநிலத்திலும் இறங்காமல், மதுரை மாவட்டத்தில் கொட்டாம்பட்டி என்ற ஒரே ஒன்றியத்தில் செய்து பார்த்தார்கள். முன்னோடித் திட்டம் என்பது இதுதான்.

உலக வங்கிக் கடனில் வந்த அந்தத் திட்டத்தின் பெயர் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள்தான் அதன் குறி. தாய்ப்பால் மட்டும் போதாமல் போவதும், அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்து உடம்பு இளைப்பதும் அந்த வயதில்தான். ஆனால் உணவு தரும் இடத்துக்குத் தானாக நடந்து வருவது பெரிய பிள்ளை. இடுப்பிலிருக்கும் பிள்ளை கணக்கில் வராது. அதனால் மாதந்தோறும் எடை. எடை ஏறாத பிள்ளைக்கு ஏறத்தாழ மூன்று மாதம் தினமும் சத்துருண்டை. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உருண்டை, என் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று ஒரு தாய் கேட்டால், ஊட்டச்சத்து மையத்தில் வேலை பார்க்கும் அதே ஊர்ப் பெண் எடை அட்டையைக் காட்டிப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் தராசைச் சரியாகப் படிப்பாரா, வேண்டியவர் வீட்டுப் பிள்ளைக்கு முள்ளைச் சற்றுத் தள்ளிப் படிக்காமல் இருப்பாரா என்பதைச் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஏறத்தாழ பத்து மையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற ஏற்பாடு இதற்காகத்தான்.

பிறகு படிப்படியாகப் பரப்பினார்கள். 1989-இல் திட்டம் முடிந்தபோது புதுக்கோட்டை உட்படப் பல மாவட்டங்களில் 173 ஒன்றியங்களில் அது நடந்துகொண்டிருந்தது.

இதற்கு நேர்மாறும் நம் ஊரிலேயே உண்டு. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் சத்துணவைக் கிராமப்புறம் முழுக்க ஒரே வீச்சில் தொடங்கினார், நிலைத்துவிட்டது. சோறாக்கிப் போடுவது எல்லாருக்கும் தெரிந்த வேலை. வந்த பிள்ளைக்கெல்லாம் தட்டு உண்டு, ஆள் பிரிக்க வேண்டியதில்லை. கடைசி ஊழியர் ஒருவரின் தீர்ப்பை நம்பி நிற்கிற திட்டத்துக்குத்தான் முன்னோட்டம் கட்டாயம் என்பது என் எண்ணம். காலை உணவுத் திட்டம் இரண்டுக்கும் நடுவில் வருகிறது: 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. அங்கே பார்க்க வேண்டியிருந்தது, பள்ளி மணி அடிப்பதற்குள் உப்புமா வெந்துவிடுகிறதா என்பது.

முன்னோட்டத்தில் ஒரு மாயமும் உண்டு. சோதனை நடக்கும் ஊருக்குத் துடிப்பான அலுவலர் வருவார், ஜீப் வாரம் தவறாமல் வரும், கேட்ட பொருள் உடனே கிடைக்கும். நூறாவது ஊருக்கு இதெல்லாம் வராது. ஆகவே உங்கள் ஊராட்சியில் ஏதாவது ‘சோதனை முறையில்’ வந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: எதை அளக்கப் போகிறீர்கள், தொடங்குமுன் அளந்து வைத்தீர்களா, சரிவராவிட்டால் எந்தத் தேதியில் நிறுத்துவீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.