வெள்ளம் அன்றும் வந்தது, ஆனால் வெப்பம்?

தாமிரபரணிப் பாசன விவசாயிகள் சிலர் கேட்பதுண்டு: "1992-லும்தான் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. மழையும் வறட்சியும் காலங்காலமாய் வருபவை. இதில் மனிதன் செய்தது என்ன?"

நியாயமான கேள்விதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த ஒரு மழையைக் காட்டி எதையும் நிரூபிக்க இயலாது. ஒரு போக மகசூலை வைத்து நெல் ரகத்தை எடைபோடுவார் உண்டா? பல ஆண்டுக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். (குளம் தூர்ந்து கரை உடைவது நம் பராமரிப்புக் குறை, அதை வானிலை மேல் சுமத்தக் கூடாது.)

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றின் கரியமில வாயுவை அளந்து வருகின்றனர். அன்று பத்து லட்சத்தில் 315 பங்கு இருந்தது; இன்று 420-க்கும் மேல். பூமி வெளிவிடும் வெப்பத்தை இவ்வாயு தடுத்து நிறுத்துகிறது.

சூரியனே காரணம் என்பாரும் உளர். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை அளக்கின்றன, அது கூடவில்லை. மேலும், சூரியன் காரணமானால் மேல் வளிமண்டலமும் சூடாக வேண்டும். அதுவோ குளிர்ந்து வருகிறது.

வாயு எங்கிருந்து வந்தது? செடிகொடிகள் கார்பன் 13 என்னும் கனமான கரியைக் குறைவாகவே எடுக்கும். அவை புதைந்து உண்டான நிலக்கரியிலும் அது குறைவு; எரிமலை வாயுவில் அப்படியில்லை. காற்றில் கார்பன் 13-இன் விகிதம் ஆண்டுதோறும் இறங்குகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதும் காடு அழிவதுமே காரணம் என்பது இதனால் தெளிவாகிறது.

நெல்லுக்கு இதனால் என்ன? பகலில் சேர்த்த மாவுச்சத்தில் ஒரு பங்கைப் பயிர் இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. இரவு வெப்பம் கூடினால் செலவும் கூடும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கு வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடியபோது மகசூல் 10 சதவீதம் குறைந்தது. அக்கணக்கு இங்கு அப்படியே பொருந்தாது. பாதியளவே பொருந்தினாலும், ஏக்கருக்கு 30 மூட்டை எடுப்பவருக்கு ஒன்றரை மூட்டை நட்டம்.

கார் போகத்தில் பகல் வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். பூக்கும் வேளையில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். பூக்கத் தொடங்கியது முதல் பால் பிடிக்கும் வரை வயலைக் காயவிடாமல் 2 அங்குல நீர் நிறுத்தினால் பயிரின் சூடு ஓரளவு தணியும்.