கடைசல் கலை: சுழலும் கட்டையும் பழகிய கையும்

நட்டு ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் கடந்ததும் ரப்பர் மரம் மறுநடவுக்காகச் சாய்க்கப்படுகின்றது என்பது தோட்ட மக்கள் யாவரும் அறிந்ததே. முற்காலத்தில் அவ்வாறு சாய்ந்த மரம் பெரும்பாலும் விறகாகவும் கரியாகவுமே முடிந்தது. 1970-களின் இறுதிக்குப் பின் இந்நிலை மாறியது. கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளும் துணைநின்றமையால், ரப்பர் பலகை மேசை நாற்காலிகளாக உருப்பெற்று அயல்நாடுகளுக்குச் செல்லலாயிற்று. வெளிர்நிறமும் சீரான இழையும் கொண்ட இம்மரம் கடைசல் வேலைக்கும் ஏற்றதே. ஆகவே, ஓய்வு நேரக் கலையாகப் பலரும் பயின்றுவரும் மரக் கடைசலைப் பற்றி நாம் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

கடைசல் என்றால் என்ன?

தச்சு வேலையில் மரம் அசையாதிருக்க, உளி நகர்கின்றது. கடைசலிலோ மரம் சுழல்கின்றது; உளி ஒரு தாங்கியின்மீது அமர்ந்து அதனைச் சீவுகின்றது. சப்பாத்திக் கட்டை, மத்து, பம்பரம், நாற்காலிக் கால் ஆகியவை இவ்வாறு உருவாகுபவையே. தமிழகத்தின் அம்பாசமுத்திரத்தில் சிறுமியர் விளையாடும் மரச் சொப்புகளும் கடைசலால் பிறந்தவையே. எனவே இது நமக்குப் புதிய கலையன்று.

பட்டறையில் பயில்வது ஏன்?

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டிலும், பிரிட்டனில் 1987-ஆம் ஆண்டிலும் கடைசல் ஆர்வலர்களுக்கான சங்கங்கள் தோன்றின. அத்தகைய ஆர்வலர்கள் செய்முறைப் பட்டறைகளுக்குப் பெரிதும் மதிப்பளிக்கின்றனர். உளியின் வடிவத்தைப் புத்தகம் காட்டலாம். அதனை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஆசான் அருகில் நின்று கைப்பிடித்துக் காட்டினாலன்றி அறிதல் அரிது.

நம் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். மரப்பட்டையை மெல்லியதாகச் சீவி, உள்ளிருக்கும் வளர்படலத்தைத் தீண்டாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டுவைக்கும் நுட்பம் ஏட்டிலிருந்து வந்ததன்று; கை கற்ற பாடம் அது. கூரிய கத்தியின் அருமையும் அவர்கள் அறிந்ததே. மழுங்கிய உளி மரத்தைச் சீவாது, பிய்க்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: பால்வெட்டில் கத்தியைக் கை இழுக்கின்றது, கடைசலில் உளியை வலிந்து தள்ளலாகாது. உளி முனையின் சரிவு மரத்தில் உரசி நிற்க, வெட்டும் வேலையைச் சுழற்சியே செய்துவிடும்.

பயிற்சி பெரும்பாலும் நீண்ட கட்டையைச் சதுரத்திலிருந்து உருளையாக்குவதில் தொடங்கும். பின்னர் மணிகளும் பள்ளங்களும் வடிக்கப்படும். கிண்ணம் குடைதல் அதன் பின்னரே வரும்.

கவனக்குறைவு கண்ணைப் பறிக்கும்

இக்கலையில் அழகைவிடப் பாதுகாப்பே முதற்பாடம். பின்வருவனவற்றை மனத்திற் கொள்க:

1. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் அணிக. கட்டை தெறித்தால் மூக்குக்கண்ணாடி மட்டும் காப்பாற்றாது. இயந்திரத்தை முடுக்கும்போது கட்டை தெறிக்கக்கூடிய நேர்க்கோட்டில் நில்லாது விலகி நிற்க.

2. கையுறை, தொங்கும் சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை கூடா. சுழலும் கட்டை அவற்றைப் பற்றினால் கையையும் தலையையும் உள்ளே இழுத்துவிடும்.

3. முடுக்குவதற்கு முன் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, தாங்கியில் இடிக்கவில்லை என்பதை உறுதிசெய்க. உளி முதலில் தாங்கியைத் தொடவேண்டும்; பிறகே மரத்தைத் தொடவேண்டும்.

4. கட்டை பருமனானால் வேகம் குறைய வேண்டும். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, நிமிடச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையே வருதல் வேண்டும் என்பது கடைசலாளர் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி 6 அங்குலக் கட்டைக்கு 1,000 சுற்றுகளும், 12 அங்குலக் கட்டைக்கு 500 சுற்றுகளும் தொடக்கக்காரருக்குப் போதும். கட்டை முழு உருளையாகும் வரை வேகம் இதனினும் குறைவாகவே இருக்கட்டும்.

5. நீண்ட கட்டையை உருட்டுவதற்கான அகன்ற குழிவுளியைக் கிண்ணம் குடைய ஒருபோதும் பயன்படுத்தலாகாது. கைப்பிடிக்குள் செல்லும் அதன் தண்டு மெலிந்தது. உளி மரத்தில் சிக்கினால் அது முறிந்து பெருந்தீங்கு விளைக்கும்.

6. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என 1995-ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. ஆதலின், தூசிக்கவசம் இன்றி உப்புத்தாள் தேய்க்கலாகாது.

ரப்பர்க் கட்டையின் இயல்பு

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. எனவே வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டுகளும் துளைக்கும். ஆலைகளில் பலகையை விரைவாக அறுத்து, போரான் மருந்தை அழுத்தத்தால் உட்செலுத்தி, சூளையில் உலர்த்துவது இதனாலேயே. தோட்டத்தில் கிடக்கும் பச்சைக் கட்டையை எடுத்துக் கடைந்தால் அது பின்னர் வெடிக்கும், கோணும். மேலும், சாய்க்கப்பட்ட மரம் தோட்டத்தின் உடைமை. நிர்வாகத்தின் அனுமதியின்றி எடுப்பது முறையன்று. பதப்படுத்தப்பட்ட துண்டுகளைத் தளவாடப் பட்டறைகளிடமிருந்து கேட்டுப் பெறுவதே நன்று.

சேருமுன் கேட்க வேண்டியவை

பயிற்சியில் சேர விரும்புவோர் சில கேள்விகளைத் தயங்காது கேட்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி இயந்திரம் உண்டா? ஓர் ஆசானுக்கு எத்தனை மாணவர்? முகக்கவசம் அளிக்கப்படுமா? உளி தீட்டக் கற்பிப்பார்களா? தீட்டத் தெரியாதவருக்கு உளி பயன்படாது. இயந்திரம் வாங்குவதை முதற்பயிற்சிக்குப் பின் முடிவுசெய்வதே சிக்கனம்.

பால் தந்து முடித்த மரத்திலும் பயன் எஞ்சியுள்ளது. பால்வெட்டிப் பழகிய கையிலும் வேறொரு கலைக்கான திறன் உறைந்துள்ளது. இளையோரும் முதியோரும், ஆடவரும் பெண்டிரும் நல்லாசானிடம் முறையாகப் பயின்று, கண்ணையும் கையையும் காத்து, இக்கலையைக் கைவரப் பெறுவார்களாக!