டிஸ்சார்ஜ் புக்கில் விடுபட்ட வரி

ஆவடியிலோ பட்டாபிராமிலோ ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டுப் பீரோவைத் திறந்தால், வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு புத்தகம் இருக்கும். டிஸ்சார்ஜ் புக். ஒரு மனிதர் பதினேழோ இருபத்தெட்டோ ஆண்டுகள் உழைத்த கணக்கு அந்தச் சில பக்கங்களுக்குள் அடங்கியிருக்கும். படை எண், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், நன்னடத்தை, கூடவே வாங்கிய மெடல்கள். மெடல் பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருந்தால் பெரும்பாலும் பென்ஷனில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆனாலும் அந்த ஒரு வரிக்காக எழுபது வயதுக்கு மேலும் மனு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். "இந்த வயசுல மெடல் எதுக்குப்பா?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். எதற்கு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சென்னையின் மேற்குப் புறநகருக்கும் படைக்கும் உள்ள உறவு பழையது. ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பியச் சிப்பாய்கள் நோய் தேறத் தங்கிய ஊர் பூந்தமல்லி. இரண்டாம் உலகப் போரின்போது ஆவடியைச் சுற்றி நிலம் எடுத்துப் பெரிய ராணுவ முகாமும் கிடங்குகளும் அமைத்தார்கள். 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்ற பெயரில் அந்தக் காலம் இன்னும் மிச்சமிருக்கிறது. 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. படைச் சீருடை தைக்கும் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், ஆர்டினன்ஸ் டெப்போ எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் சேர்ந்துகொண்டது. வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உண்டு. அங்கிருந்து போய், நாற்பது வயதுக்குள் படையை விட்டு வெளியே வருகிறவருக்கு இரண்டாவது வேலை வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், பக்கத்தில் கேன்டீன் வேண்டும். இவை எல்லாம் ஆவடியிலும் அம்பத்தூரிலும் கிடைத்தன. மனை வாங்கி, கிணறு வெட்டி, தென்னை வைத்துக் குடியேறினார்கள்.

அவர்கள் மார்பில் குத்திய மெடல்களில் பெரும்பாலானவை வீரச் செயலுக்கு வந்தவை அல்ல. 'நீ அங்கே இருந்தாய்' என்று நாடு ஒப்புக்கொள்வதற்கு வந்தவை. 1960-இல் ஏற்படுத்திய சைன்ய சேவா மெடலில் ஒருவர் வேலை பார்த்த இடத்தைச் சொல்லும் கிளாஸ்ப் என்ற சிறு பட்டை இருக்கும்: ஜம்மு காஷ்மீர், நேபா என்ற வடகிழக்கு எல்லைப் பகுதி, இமாலயம், அந்தமான் நிக்கோபார். 1965 போருக்கு சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார். சுதந்திரத்தின் வெள்ளி விழாவான 1972 ஆகஸ்ட் 15 அன்று படையில் இருந்தவர்களுக்கு ஒரு மெடல். பொன்விழாவான 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவர்களுக்கு இன்னொன்று. ஒன்பது, இருபது, முப்பது ஆண்டு சேவைக்குத் தனித்தனி மெடல்கள். படிக்கத் தெரிந்தவருக்கு ஒருவரின் ரிப்பன் வரிசை ஒரு தேசப்படம். எந்த மலையில் குளிர் தாங்கினார், எந்த எல்லையில் காத்திருந்தார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இத்தனை திட்டவட்டமான கணக்கில் வரி எப்படி விடுபடும்? பதில் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற காகிதத்தில் இருக்கிறது. சிப்பாய் லீவில் போனாலும், கல்யாணம் செய்தாலும், குழந்தை பிறந்தாலும், மெடலுக்குத் தகுதி பெற்றாலும் அவருடைய யூனிட் அதை ஓர் ஆணையாக வெளியிடும். அதன் படி ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய் அவருடைய ஷீட் ரோல் என்ற சேவை ஏட்டில் ஏறும். ஆணை வெளிவராவிட்டால், ஏட்டைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. ஒருவர் தன் யூனிட்டை விட்டு வேறொன்றுடன் இணைந்து வேலை பார்த்திருப்பார். இந்த ஹெட் கிளார்க் அந்த யூனிட் எழுதும் என்று நினைப்பார், அந்த யூனிட் கிளார்க் இவர் எழுதுவார் என்று நினைப்பார். ஆஸ்பத்திரியில் கிடந்தவர், மாற்றலில் ரயிலில் இருந்தவர் எல்லாம் இப்படித்தான் இடையில் நழுவினார்கள். மெடல் பிறந்ததே தாமதம் என்பது இன்னொரு காரணம். 1965 போருக்கான மெடல்களை 1967-இல்தான் ஏற்படுத்தினார்கள்; 1971-க்கானவை 1973-இல் வந்தன. இடையில் விலகி ஊருக்கு வந்துவிட்டவர் நெல் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது, அவருக்கு உரியது எங்கோ ஒரு பட்டியலில் பிறந்தது. அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது?

தமிழருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். இனிஷியலை விரித்து எழுதும் வழக்கமுள்ள கிளார்க் அப்பா பெயரை முன்னே போட்டார். இன்னொருவர் பின்னே போட்டார். ஆறுமுகம் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஓர் ஏட்டில் 'ஹெச்' சேர்த்தும் இன்னொன்றில் சேர்க்காமலும் எழுதினார்கள். மெடல் பட்டியலில் ஓர் ஆறுமுகம், ஷீட் ரோலில் வேறோர் ஆறுமுகம். ஆள் ஒருவர்தான் என்று நிரூபிப்பது அவருடைய படை எண் மட்டுமே. அதனால்தான் வீட்டு எண்ணை மறந்த முதியவர்கூடப் படை எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

அன்று விடுபட்டதைச் சேர்ப்பதென்றால் முதலில் சரியான ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரருக்கு வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூர். ஈ.எம்.ஈ.-யும் ஆர்டினன்ஸும் செகந்திராபாத். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், டாங்கிப் படைக்கு அகமத்நகர், கப்பற்படை மாலுமிக்கு மும்பை, விமானப்படைக்கு டெல்லி. டைப்பிங் சென்டரில் ஆங்கிலத்தில் மனு அடித்து, ரிஜிஸ்டர் தபாலில் போட்டு, ஒப்புதல் அட்டைக்குக் காத்திருப்பார்கள். ரெக்கார்ட் ஆபீஸ் பழைய யூனிட்டைக் கேட்கும். யூனிட் அதற்குள் அருணாசலத்துக்கோ ராஜஸ்தானுக்கோ போயிருக்கும். ஒரு பதிலுக்கு ஆறு மாதம் ஆனாலும் வியப்பில்லை. ஆனால் அன்று வேறொரு பலம் இருந்தது. கேன்டீன் வரிசையில் பின்னால் நிற்பவர் அதே பட்டாலியனில் இருந்தவராக இருப்பார். அந்த நாளில் இவர் எந்தப் பிக்கெட்டில் இருந்தார் என்று தேதியோடு சொல்வார். ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பார். எந்த ஆணையின் எண்ணைக் கேட்க வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுப்பார்.

இந்தத் தாமதம் நம் காலத்தில் பிறந்ததும் அல்ல. மதராஸ் படைச் சிப்பாய்கள் 1803-இல் அசாயேயிலும் 1817-இல் மகித்பூரிலும் போரிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் போர்களுக்கான 'ஆர்மி ஆஃப் இந்தியா' மெடலை 1851-இல்தான் அறிவித்தது, அதுவும் உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். அசாயே நடந்து 48 ஆண்டுகள். இருபது வயதில் அங்கே நின்றவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

சுதந்திர இந்தியாவில் ஏட்டைத் திருத்தி எழுதியதற்கு மனதை உலுக்கும் சான்று ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா. குடகுக்காரர். 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கப் போன மிஸ்டேர் விமானங்களோடு பறந்தார்; திரும்பி வரவில்லை. நம் ஏட்டில் 'காணாமல் போனவர்' என்ற அளவில் நின்றார். 1979-இல் ஜான் ஃபிரிக்கர் என்ற ஆங்கிலேயர் அந்தப் போரைப் பற்றி எழுதிய நூலில்தான் பாகிஸ்தான் தரப்புச் செய்தி வெளிவந்தது: அவர்களுடைய அதிவேக ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை அன்று ஒரு மிஸ்டேர் சுட்டு வீழ்த்தியிருந்தது. அந்த மிஸ்டேரில் இருந்தவர் தேவய்யாதான் என்று தெரிந்ததும், அன்று தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஓ.பி.தனேஜா அரசுக்கு எழுதினார். 1988-இல், 23 ஆண்டுகள் கழித்து, மகாவீர் சக்கரம் தேவய்யாவின் மனைவியின் கைக்கு வந்தது. எதிரி நாட்டு விமானிக்கு அது தெரிந்திருந்தது. ஓர் அந்நிய எழுத்தாளர் அதை எழுதினார். கூடப் பறந்தவர் அதற்காக வாதாடினார். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அவர் இன்னும் காணாமல் போனவராகவே இருந்திருப்பார்.

இன்று வழி எளிதாகியிருக்கிறது. அதை மனதாரச் சொல்ல வேண்டும். 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின், தன் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு சிப்பாய் கேட்டுப் பெற முடிகிறது. அதற்கு முன் அந்த ஏடு அவரைப் பற்றியது, ஆனால் அவர் பார்க்க முடியாதது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 முதல் இயங்குகிறது. அதன் ஓர் அமர்வு சென்னையில் இருக்கிறது. கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் படை நடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங்கின் வழக்கில், போர் பற்றிய அதிகாரபூர்வ அறிக்கையையே திருத்தும்படி 2010-இல் அந்தத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. மேலதிகாரி எழுதிவிட்டால் அதுவே முடிவு என்ற காலம் அன்றோடு ஆட்டம் கண்டது. பென்ஷன் விவரமும் 'ஸ்பர்ஷ்' என்ற இணையதளம் வழியே செல்போனுக்கு வந்துவிட்டது.

ஆனால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்பர்ஷ் பென்ஷனுக்கானது, மெடலைச் சேர்ப்பது இன்றும் ரெக்கார்ட் ஆபீஸின் வேலை. உதவி வேண்டுமென்றால் ஆவடிக்காரரும் பூந்தமல்லிக்காரரும் திருவள்ளூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம் என்பதால் அங்கிருப்பவர் சென்னை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், காகிதத்தில் இருந்த தவறு கணினிக்கு ஏறியதும் தவறாகத் தெரிவதில்லை. அச்சடித்த வரிகளுக்கு நடுவே இல்லாத வரியை யார் தேடுவார்கள்? அன்று 'நான் பார்த்தேன்' என்று சொல்லச் சாட்சி இருந்தது. 1971-இல் இருபது வயதில் இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்துக்கு அருகே. கேன்டீன் வரிசையில் பின்னால் நின்ற நண்பர் இப்போது இல்லை.

ஏட்டுக்கும் ஆயுள் உண்டு. பென்ஷன் தகுதி பெறாமல் விலகியவரின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. பதினைந்து ஆண்டு நிரம்பாமல் வந்தவர்களுக்கு டிஸ்சார்ஜ் புக்தான் கடைசிச் சாட்சி. அமெரிக்காவில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீ சுமார் 1.6 முதல் 1.8 கோடி படைவீரர் கோப்புகளைத் தின்றது. அதன்பின் அங்கே சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிக் குறிப்பு, வீட்டில் இருந்த கடிதம் என்று கிடைத்ததை வைத்து ஆளாளுக்கு ஏட்டைத் திரும்பக் கட்டுகிறார்கள். வீட்டில் வைத்திருந்த காகிதம் எவ்வளவு பெரிது என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டாம்.

கேட்கவே கூச்சப்பட்ட மெடலும் உண்டு. இலங்கைக்குப் போன அமைதிப்படையின் கடைசி அணி 1990 மார்ச் 24 அன்று திரிகோணமலையை விட்டுப் புறப்பட்டது. அங்கே போனவர்களுக்கு விதேஷ் சேவா மெடலில் 'ஸ்ரீலங்கா' என்ற பட்டை உண்டு. ஈழத்தில் நடந்தவற்றின் வலியில் இருந்த தமிழகம் அவர்களை மனம் திறந்து வரவேற்கவில்லை. அந்த வலி நியாயமானது. ஆனால் ஆணைக்குக் கட்டுப்பட்டுப் போன ஒரு தமிழ்ச் சிப்பாய், தன் மொழி பேசும் மண்ணில் துப்பாக்கியோடு நின்ற பாரத்தை யாரிடம் இறக்கி வைப்பார்? அவர் அந்த மெடலைப் பெருமைக்காகக் கேட்பதில்லை. தான் அங்கே இருந்தது நடக்காதது போல ஆகிவிடக் கூடாது என்றுதான் கேட்பார்.

'மெடல் எதுக்கு?' என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். வீர விருதுகளுக்கு மாதப் படி உண்டு. பரம்வீர் சக்கரத்துக்கு 2017 முதல் 20,000 ரூபாய், வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000 ரூபாய். சேவை மெடலுக்குக் காசு இல்லை. அதன் விளிம்பில் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும், அவ்வளவுதான். கடையில் விற்கும் நகலின் விளிம்பு மொட்டையாக இருக்கும். இரண்டும் தூரத்தில் ஒன்றுபோலப் பளபளக்கும். கையில் வாங்கிப் புரட்டுகிறவருக்குத்தான் தெரியும், நாடு தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதா இல்லையா என்று.

உங்கள் வீட்டிலும் ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பீரோவைத் திறங்கள். டிஸ்சார்ஜ் புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். அவருடைய படை எண், இருந்த யூனிட்டுகள், இடங்கள், ஆண்டுகள் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். எழுதியதை மெடல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் இப்படிக் கேளுங்கள்: "தாத்தா, 1972 ஆகஸ்ட் 15 அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் சீருடையில் இருந்திருந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால், மனுவை எழுத அவருக்குக் கை நடுங்கும். பேனாவை நீங்கள் பிடியுங்கள்.