அம்மாயிக்கு வயசு என்ன?

எங்க அம்மாயிக்குப் பிறந்த தேதி தெரியாது. "மேட்டூர் டேம் தொறந்தப்போ நான் கைக்குழந்தை" என்பார். டேம் திறந்தது 1934. யார் வயசு கேட்டாலும் வீட்டில் இந்தக் கணக்குத்தான்!

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கு கொண்டுவந்தது நம்ம சேலம் ஜில்லாவில்தான். நாமக்கல் அப்போது அதில்தான் சேர்ந்திருந்தது. பாடப்புத்தகத்தில் இது ஒரே வரி. ஆனால் அந்த தீபாவளிக்குத்தான் கொள்ளுத்தாத்தாவின் கூலிக்காசு முழுசாக வீடு வந்ததாம். கொள்ளுப்பாட்டி அதில் ஒரு பித்தளைக் குடம் வாங்கி, பிறகு அம்மாயிக்குச் சீராகக் கொடுத்தார்.

1971-ல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திரும்பத் திறந்தன. எங்க தாத்தாவும் போக ஆரம்பித்தார். (நல்ல மனுஷர்தான், சேர்க்கை சரியில்லை.) 1974-ல் கடைகளை மூடுவதற்குள் இரண்டு ஏக்கர் காடு கைமாறிவிட்டது. குடத்தையும் அடகு வைக்கக் கேட்டிருக்கிறார். "எங்கப்பன் குடிக்காம சேத்த காசு இது, தரமாட்டேன்" என்று அம்மாயி அதை மடியில் வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தாராம்.

அடி நசுங்கிய அந்தக் குடத்தில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் குடிதண்ணீர். ஈயம் பூச மட்டும் இப்போது ஆள் கிடைப்பதில்லை.

– ஒரு பேத்தி, நாமக்கல் மாவட்டம்.