கல்பாக்கம் அணு உலைக்கு ரிப்பேர் என்றால் என்ன செய்வார்கள்? உப்புக் காற்று முதல் சுனாமி வரை!

மரக்காணம் உப்பளங்களில் இரும்புச் சாமான்கள் நீண்ட நாள் தாங்காது. மோட்டார் பம்ப், போல்ட், தகரக் கூரை என எதையும் உப்புக் காற்று தின்றுவிடும். அதே கடற்கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால் கல்பாக்கம். அங்கே இருப்பதும் பம்பும் குழாயும் வால்வும்தான். ஆனால் அவை இருப்பது அணு உலையில்!

சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-லும் இரண்டாவது அலகு 1986-லும் வணிகரீதியான உற்பத்தியைத் தொடங்கின. இங்கே இதுவரை என்னென்ன பழுதாகியிருக்கின்றன, எப்படிச் சரிசெய்தார்கள்?

கடலே முதல் எதிரி

டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். அதற்காகக் கரையிலிருந்து சுமார் 468 மீட்டர் தூரத்துக்குக் கடலுக்கு அடியில் சுரங்கம் அமைத்திருக்கிறார்கள். தண்ணீரோடு பச்சைச் சிப்பியும் கொட்டலசும் வந்து சுவரில் ஒட்டி வளரும். வளர விட்டால் வழியே அடைந்துவிடும் என்பதால் குளோரின் கலந்து கட்டுப்படுத்துகிறார்கள். மீனவர்கள் ‘சொறி’ என்று அழைக்கும் ஜெல்லி மீன்கள் கூட்டமாக வரும் நாள்களில், வடிகட்டும் சல்லடைகளே திணறும்.

உள்ளே உடைந்த பாகம்

கல்பாக்கம் சந்தித்த பெரிய சோதனை 1980-களின் இறுதியில் வந்தது. உலைக் கலனுக்குள் கனநீரைப் பிரித்து அனுப்பும் பாகம் இரண்டு அலகுகளிலும் உடைந்தது. கதிர்வீச்சு இருப்பதால் மெக்கானிக் உள்ளே இறங்கி மாற்ற முடியாது. கனநீர் உள்ளே செல்லும் வழியை மாற்றி, 220 மெகாவாட் தர வேண்டிய உலைகளை சுமார் 170 மெகாவாட்டில் ஓட்டினார்கள். பத்து வருடங்களுக்கும் மேலாக இதே நிலைதான்!

நிரந்தரத் தீர்வு 2002-ல் இரண்டாவது அலகில் தொடங்கியது. இந்த வகை உலையில் எரிபொருளைத் தாங்கும் 306 குழாய்கள் உண்டு. வருடக்கணக்கில் வெப்பத்தையும் கதிர்வீச்சையும் தாங்கிய குழாய்கள் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் 1983-ல் அப்படி ஒரு குழாய் வெடித்தது. எனவே, பழைய குழாய்களை மொத்தமாக அகற்றிவிட்டு, நியோபியம் கலந்த ஸிர்கோனியக் குழாய்களைப் பொருத்தினார்கள். கனநீருக்குப் புதிய வழியும் அமைத்தார்கள். முதல் அலகிலும் இதே வேலை முடிந்த பிறகு, இரண்டும் பழைய 220 மெகாவாட் திறனுக்குத் திரும்பின.

சுனாமி வந்த காலை

2004 டிசம்பர் 26. முதல் அலகு குழாய் மாற்றும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கம் வழியாகக் கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் ஏறியதும் பம்புகள் நின்றன. உடனே உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. உயரமான இடத்தில் இருந்ததால் உலைக் கட்டடத்துக்குள் தண்ணீர் வரவில்லை. சோதனைகளுக்குப் பிறகு, 2005 ஜனவரி 2-ல் உலை மீண்டும் இயங்கியது. ஆனால், அருகிலிருந்த ஊழியர் குடியிருப்பில் அந்த அலைகள் பல உயிர்களைப் பறித்துவிட்டன.

குழாய் மாற்றினால் போதுமா?

போதாது. குஜராத்தின் காக்ரபார் நிலையத்தில் முதல் அலகுக்கு ஏற்கெனவே புதிய குழாய்கள் பொருத்தியிருந்தார்கள். அப்படியும் 2016 மார்ச் 11-ல் ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டது. வெளிப்புறத்தில் உண்டான அரிப்பே காரணம் எனத் தெரிந்தது. மறுபடியும் எல்லாக் குழாய்களையும் மாற்றி, 2019-ல்தான் அந்த உலை ஓடத் தொடங்கியது.

கல்பாக்கத்தின் முதல் அலகோ 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டு, பல வருடங்களாக மின்சாரம் தராமல் இருந்தது. இப்படிப்பட்ட பெரிய பழுதுகளுக்குப் பிறகு உலையை இயக்க, மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி கட்டாயம்.

உலை நின்றால் நஷ்டம் மின்சாரத்தில்தான். அவசரப்பட்டு ஓட்டினால் நஷ்டம் இந்தக் கடற்கரை முழுவதற்கும். அதனால், எது பழுதானது, எப்படிச் சரியானது என்பதைச் சதுரங்கப்பட்டினம் முதல் மரக்காணம் வரை உள்ள மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்வதும் ரிப்பேர் வேலையில் ஒரு பகுதிதான்!